தங்கப்பல் சாட்சி

டோக்கன் பலகையில் சிவப்பு எழுத்து பதினாறில் வந்து நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பூட்டுக்காரர் அந்தப் பதினாறை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறைத்தால் நம்பர் நகராது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் முறைத்தார். அந்த ஆஸ்பத்திரியில் முறைத்தால் திருப்பி முறைக்காத ஒரே ஆள் அந்தப் பலகைதான்.

முப்பது வருஷம் பூட்டுப் பழுது பார்த்தவர். உடைந்த பூட்டைக் கையில் வாங்கினால் உடைத்தவன் வெளியாளா வீட்டாளா என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லிச் சொல்லியே துப்பறிகிறவர் என்று பேர் வாங்கிவிட்டார். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அதனாலோ என்னவோ, படித்தவர்கள் சொல்வதை முதல் தடவை நம்ப மாட்டார். இரண்டாம் தடவையும் நம்ப மாட்டார்.

இன்றைக்கு அவர் துப்பறிய வரவில்லை. தங்கைக்குத் துணையாக வந்திருந்தார். தையற்காரியான தங்கைக்கு இடது கன்னத்து எலும்புக்குள் புற்றுநோய். பத்து நாள் கதிர் வைத்தாயிற்று. கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று தலை அசையாமல் பிடிக்கிற முகமூடியைப் புதிதாக எடுத்து, புதிதாக அளவும் எடுத்திருந்தார்கள். இன்றிலிருந்து புது அளவு. இடது கண் ஏற்கெனவே புகைமூட்டம். வலது கண்தான் ஊசியில் நூல் கோர்க்கிற கண். அதில் கதிர் பட்டுவிடக் கூடாது என்பதுதான் குடும்பத்துக்கே ஒரே கவலை.

அவள் மட்டும் கவலைப்படாமல் ஒரு சட்டைக் கையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் முடிந்ததும் நூலை வலது பக்கத் தங்கப்பல்லில் வைத்து நறுக்கென்று கடித்தாள்.

"ஏன்க்கா, கத்தரிக்கோல் கொண்டு வரலையா?" என்றான் மைத்துனன். பூட்டுக்காரரின் மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவன். துப்பறிகிற வேலைக்குத் துணை என்று அவனே தன்னை நியமித்துக்கொண்டவன்.

"கொண்டு வந்தேன். வாசல்ல செக்யூரிட்டி வாங்கி வெச்சுக்கிட்டான். பல்லை எப்படி வாங்குவான்?"

"சொல்லாதக்கா. கேட்டா அதுக்கும் ஒரு ஃபாரம் எடுத்துட்டு வருவாங்க."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேத்து புது முகமூடி போட்டு ஒத்திகை பாத்தாங்கல்ல? இந்தக் கண்ணுல பளீர்னு வெளிச்சம். மூடியிருந்தும் கூசுச்சு. முன்னாடி அப்படி இல்ல." வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"புது முகமூடி. அப்படித்தான் இருக்கும்," என்றார் பூட்டுக்காரர், பலகையிலிருந்து பார்வையை எடுக்காமல். இந்தப் பதிலுக்காக அன்று சாயங்காலம் வரை அவர் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கதவு திறந்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "பதினேழு யாரு? உங்களுக்கு இப்போ கிடையாது. பிளாக்கைக் காணோம்."

"எதைக் காணோம்?"

"பிளாக். மறுபடி செஞ்சு மூணு மணிக்கு மேல கூப்பிடுவோம். உக்காருங்க."

"உக்காந்துதான் இருந்தோம்," என்றான் மைத்துனன். "எந்திரிக்கச் சொன்னாத்தான் எங்களுக்குப் புதுசு."

பூட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

முதல் ஜன்னலில் "எங்களுக்குத் தெரியாது, அடுத்த ஜன்னல்" என்றார்கள். அடுத்த ஜன்னலில் டாக்டரைக் கேட்கச் சொன்னார்கள். டாக்டர் அறை வாசலில் நர்ஸ் டோக்கன் கேட்டாள். டோக்கனைக் காட்டினால், இது அந்த டோக்கன் இல்லை என்றாள். பூட்டுக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. எத்தனையோ பூட்டுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார். எந்தப் பூட்டும் அவரை அடுத்த பூட்டைப் போய்ப் பார் என்று சொன்னதில்லை.

கடைசியில் வழி காட்டியது ஒரு சத்தம்தான். நடைபாதைக் கோடியில் யாரோ யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் உலோகம் வார்க்கிற அச்சறை. உள்ளே தலை குனிந்து நின்றார் அச்சுக்காரர். ஒல்லியான மனிதர், ஏப்ரனில் சாம்பல் நிறத் தெறிப்புகள்.

"நீதான் செஞ்சே, நீதான் கொண்டு போய் வெச்சே. அப்ப நீதான் பதில் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் வெளியேறினார்.

"நான் பதினேழாம் நம்பரோட அண்ணன்," என்றார் பூட்டுக்காரர். "காணாமப் போனது என்ன பொருள்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் படிக்காதவன்."

அச்சுக்காரருக்குப் பேச ஓர் ஆள் கிடைத்த நிம்மதி. "மெஷின்லேர்ந்து வர்ற கதிர் சதுரமாத்தான் வரும்ங்க. நோய் சதுரமா இருக்குமா? அதனால டாக்டர் எக்ஸ்ரே படத்துல கோடு போட்டுத் தருவார். எவ்வளவு இடத்துல கதிர் படணும், எவ்வளவு இடத்துல படக்கூடாதுன்னு. நான் அந்தக் கோட்டுப்படி தெர்மோகோலைச் சூட்டுக் கம்பியால வெட்டுவேன். அதுல உலோகத்தை ஊத்துவேன். ஆறினதும் நடுவுல ஓட்டையோட ஒரு கட்டை. ஓட்டை வழியா கதிர் போகும், கட்டை மறைச்ச இடத்துல போகாது."

"துணியில வடிவம் வெட்டற மாதிரி."

"அதேதாங்க. ஒருத்தருக்கு வெட்டினது இன்னொருத்தருக்கு ஆகாது. பெரிய ஆஸ்பத்திரியில மெஷினுக்குள்ளயே உலோகத் தகடுங்க நகர்ந்து வடிவத்தைப் பண்ணிடுது. இங்க நான்தான் தகடு."

"பழைய பிளாக் எங்க? பத்து நாள் வெச்சதே?"

"அதைப் புது அளவு எடுத்த அன்னிக்கே உருக்கிட்டேன். வேலை முடிஞ்ச பிளாக்கை உருக்கித்தான் அடுத்ததுக்கு ஊத்துவோம். கொதிக்கிற தண்ணியோட சூடு கூட வேணாம், அதுக்கு முன்னாடியே இளகிடும்." அலமாரியைக் காட்டினார். "நல்ல வேளை, புதுசோட தெர்மோகோல் அச்சு இருக்கு. ஊத்தி ஆற வெச்சா மூணு மணிக்கு ரெடி. ஆனா என்மேல எழுதி அனுப்பிடுவாங்க. நான் எடுக்கலைங்க."

பூட்டுக்காரர் அவரையும் நம்பவில்லை. ஆனால் அந்த ஏப்ரனை நம்பினார். உலோகத்தைத் திருடுகிறவன் அதைத் தன் மேல் தெளித்துக்கொண்டு நிற்க மாட்டான்.

"கட்டை இருந்த இடத்தைக் காட்டுங்க. இன்னிக்கு ஒண்ணு போச்சு. நாளைக்கு இன்னொண்ணு போகாதுன்னு என்ன நிச்சயம்?"

மெஷின் அறைக்கு வெளியே ஒரு சுவர் அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு நம்பர், ஒவ்வொன்றிலும் கண்ணாடி மாதிரி ஒரு பலகை, அதன் மேல் திருகி மாட்டிய சாம்பல் கட்டை. பதினேழில் பலகை மட்டும் இருந்தது. கட்டை இல்லை. அருகே, மேலே பதினேழு என்று எழுதிய ஒரு காகிதக் கப். அதற்குள் நாலு திருகாணி.

பூட்டுக்காரர் கப்பை எடுத்து ஆட்டினார். கலகலத்தது.

"மச்சான், நீ திருடன்."

"மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா அத்தான்?"

"திருடன்னு வெச்சுக்கோ. இதை எப்படி எடுப்பே?"

"பலகையோட அள்ளிக்கிட்டு ஓடுவேன். திருகாணி கழட்டறதுக்கு நான் என்ன மெக்கானிக்கா?"

"கழட்டினா?"

"தூக்கிப் போட்டுட்டுப் போவேன்."

"இவன் கப்புல போட்டு, மேல பதினேழுன்னு எழுதி வெச்சிருக்கான். அடுத்து வர்ற கட்டைக்கு வேணும்னு பத்திரப்படுத்தியிருக்கான். இந்தத் திருடனுக்கு என் தங்கச்சிக்கு வைத்தியம் நடக்கணும். ஆனா இந்தக் கட்டையால நடக்கக்கூடாது."

மைத்துனன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அத்தான், எனக்கு இப்ப டீ குடிச்சாத்தான் மூளை வேலை செய்யும்."

"வாசல்ல கேட்டியா?"

"கேட்டேன். காலையிலேர்ந்து வெளிய போற பையெல்லாம் திறந்து பாத்திருக்காங்க. ஒண்ணும் சிக்கலை. மூணு கிலோ. சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போக அது என்ன வெத்தலைப் பாக்கா? இங்கதான் எங்கயோ இருக்கு."

அலமாரிக்கு எதிரே பணியாளர்களின் சின்ன அறை. மைத்துனன் யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்தான். அங்கே மேஜையில் வாய் அகன்ற பழைய கெட்டில் ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'கெட்டில் பழுது. குடிக்காதீர்கள்.'

"நம்ம ராசிக்கு டீயும் கிடையாது," என்று அவன் கெட்டிலைத் தள்ளி வைக்கப் பிடியைத் தூக்கினான். கை மட்டும் மேலே போனது, கெட்டில் போகவில்லை. இன்னொரு கையையும் கொடுத்துத் தூக்கினான். "என்ன அத்தான் இது? இந்த ஊர்த் தண்ணி இவ்வளவு கனமா?"

பூட்டுக்காரர் சீட்டை ஒருதரம் படித்தார். மறுபடியும் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் எதையும் மேலோட்டமாகப் படிப்பதில்லை.

"கெட்டில் பழுதுன்னா என்ன எழுதணும்? சுவிட்சைப் போடாதீங்கன்னு எழுதணும். இங்க குடிக்காதீங்கன்னு எழுதியிருக்கு. அப்ப கெட்டில் நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் கெட்டது."

மூடியைத் திறந்தார். மேலே கலங்கிய தண்ணீர். அடியில் நிலாத் துண்டு மாதிரி பளபளவென்று வட்டமாக உறைந்து கிடந்தது, காலையிலிருந்து ஆஸ்பத்திரியே தேடிய மூன்று கிலோ.

"அதை அப்படியே வைங்க," என்றது பின்னால் ஒரு குரல்.

மெஷினை இயக்குகிற அம்மாள் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளைப் 'பட்டன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பயந்த முகம் இல்லை. ரொம்ப நாளாகக் கோபத்தை அடக்கி வைத்திருக்கிற முகம்.

"நீங்கதான் உருக்கினதா?"

"ஆமா. போய்ச் சொல்லுங்க. இந்த ஆஸ்பத்திரியில நான் சொல்றதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னாவாவது கேக்கட்டும்."

"என் தங்கச்சி வைத்தியத்துல கை வெச்சிருக்கே. காரணத்தைச் சொல்லு."

"உங்க தங்கச்சியா?" அவள் கதவைச் சாத்தினாள். குரலை இறக்கினாள். "கதிர் வைக்கறதுக்கு முன்னாடி மெஷின்லேர்ந்து வெறும் வெளிச்சத்தை அடிச்சுப் பாப்போம். பிளாக்கோட நிழல் முகத்துல விழும். நிழல் எங்கயோ, அங்க கதிர் போகாது. நேத்து ஒத்திகையில நிழல் எங்க விழுந்துச்சு தெரியுமா? நோய் இருக்கற கன்னத்துல. வெளிச்சம் பூரா நல்ல கண்ணுல."

பூட்டுக்காரருக்குத் தங்கையின் குரல் திரும்பக் கேட்டது. இந்தக் கண்ணுல பளீர்னு வெளிச்சம்ண்ணே. காலையில் தங்கை அவர் காதில்தான் சொன்னாள். பலகையை முறைத்துக்கொண்டிருந்த மடையன் காதில்.

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"மூணு தடவை. கட்டை இருக்கற பலகையைத் தலைகீழா மாட்டியிருப்பேன்னார். அது ஒரே பக்கமாத்தான் உள்ள போகும், திருப்பி மாட்டவே முடியாதுன்னேன். நேர்ல வந்து பாருங்கன்னேன். கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு, உன் வேலை பட்டனை அமுக்கறதுன்னார். அளவைச் சரிபார்க்கற சார் இருந்தா அவராவது கேப்பார். அவர் லீவு, திங்கக்கிழமைதான் வருவார். நான் அமுக்க மாட்டேன்னா அடுத்த ஷிஃப்ட்ல வேற ஒருத்தி அமுக்குவா. வேற என்ன வழி? கட்டை இல்லைன்னா யாராலயும் அமுக்க முடியாது."

அவருக்கு அவளை நம்பப் பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய கைக்கு ஒன்று ஞாபகம் இருந்தது. தொழில் பழகிய புதிதில் சோப்பில் பதித்த சாவி அச்சைத் திருப்பி வைத்துச் சாவி வெட்டிவிட்டார். பல் ஒவ்வொன்றும் அளவு பிசகாமல் இருந்தது. பூட்டு மட்டும் திறக்கவில்லை. நேராக எதிரே பார்க்கிற முகத்தின் எக்ஸ்ரேயும் அப்படித்தானே? திருப்பிப் போட்டாலும் முகம் முகமாகவே இருக்கும். இடதும் வலதும் மட்டும் மாறிவிடும்.

"திங்கக்கிழமை வரைக்கும்னு நினைச்சீங்களா?" என்றார். அவரையறியாமல் மரியாதை வந்துவிட்டது. "அச்சு இருக்கும்மா. அதே தெர்மோகோல் அச்சு. அதுலயே மறுபடி ஊத்திக்கிட்டிருக்காங்க. மூணு மணிக்குக் கூப்பிடறாங்க."

பட்டன் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஊத்தினதும் அதைத் தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேனே..."

மணி இரண்டே கால்.

அச்சறையில் புதுக் கட்டை மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில், கோடு போட்டுக் கையெழுத்துப் போட்ட அதே பெரிய டாக்டர் நின்றிருந்தார். காணாமல் போன விஷயம் மேலே போய்விட்டதால் சரிபார்த்துக் கையெழுத்துப் போட அவரே வந்திருந்தார். சுவரில் வெளிச்சப் பெட்டியில் தங்கையின் தலை எலும்பு தொங்கியது. அதன் மேல் சிவப்புப் பென்சில் கோடு.

"டாக்டர், நிறுத்துங்க. இது பக்கம் மாறினது."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"பேஷண்டோட அண்ணன். பூட்டு ரிப்பேர்."

"பெரியவரே, உங்க பூட்டுக்கு நான் வந்து யோசனை சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"பூட்டு திறக்கலைன்னா ஒத்துக்குவேன்."

"யார் உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு தெரியும். நான் இருபது வருஷமா இதைப் பண்றேன். வெளிய உக்காருங்க."

மறுபடியும் உட்காரச் சொல்கிறார்கள். பூட்டுக்காரருக்கு அந்த மேஜையையே கவிழ்த்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. கவிழ்த்தால் இன்னொன்று ஊற்றுவார்கள். கத்தினால் செக்யூரிட்டி வருவான். பட்டன் அக்கா மூன்று தடவை முட்டிய அதே சுவர். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை முறைத்தார். காலையில் பலகையை முறைத்த மாதிரியே.

படத்தில், சிவப்புக் கோட்டுக்குள், பல் வரிசையில் ஒரு வெள்ளைப் புள்ளி. மற்ற பற்களெல்லாம் சாம்பலாக இருக்க, அது மட்டும் பளிச்சென்று இருந்தது.

"போறேன் டாக்டர். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். இந்த வெள்ளைப் புள்ளி என்ன?"

"பல்லுக்கு மாட்டின தங்க உறை. எக்ஸ்ரே அதுல ஊடுருவாது. போதுமா?"

"அது உங்க கோட்டுக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

"உள்ள."

"கோட்டுக்கு உள்ளதான் ஓட்டை. ஓட்டை வழியாத்தான் கதிர் போகும். சரிதானே?"

"சரி, அதுக்கென்ன?"

"மச்சான், தங்கச்சியைக் கூட்டிட்டு வா. ஊசி நூலோட."

மைத்துனன் ஓடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜோக்கும் அடிக்காமல் ஓடினான். தங்கை சட்டையும் ஊசியுமாக வந்து நின்றாள். "என்னண்ணே, கூப்பிட்டாங்களா?"

"அந்த நூலைக் கடி."

"என்னது?"

"கடி, சொல்றேன்ல."

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தினம் நூறு தடவை செய்கிறதைச் செய்தாள். வலது பக்கம் உதடு உயர்ந்தது. தங்கப்பல் மின்னியது. நூல் நறுக்கென்று அறுந்தது.

"தங்கப்பல் வலது பக்கம்," என்றார் பூட்டுக்காரர். "சின்ன வயசுல நான் சைக்கிள்லேர்ந்து தள்ளிவிட்டு உடைஞ்ச பல்லு. எனக்குப் பக்கம் மறக்காது. கன்னத்துல நோய் இடது பக்கம். முகத்துல பல்லு ஒரு பக்கம், நோய் எதிர்ப் பக்கம். உங்க படத்துல மட்டும் ரெண்டும் எப்படி டாக்டர் ஒரே கோட்டுக்குள்ள வந்துச்சு?"

டாக்டர் தங்கையின் வாயைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். படத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார். பல்லும் கோடும் சேர்ந்தே அந்தப் பக்கம் போயின. மறுபடி திருப்பினார். சேர்ந்தே இந்தப் பக்கம் வந்தன. எப்படித் திருப்பினாலும் தங்கப்பல் ஓட்டையை விட்டு வெளியே வரவில்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இடதா வலதான்னு காட்டற பக்கக் குறி வைக்காம படம் எடுத்திருக்காங்க," என்றார். பிறகு, "நானும் பாக்கலை," என்றார். இரண்டாவதைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

"இந்த அச்சை உடைச்சிடுங்க," என்று அச்சுக்காரரிடம் சொன்னார். "பக்கக் குறி வெச்சு புதுப் படம் எடுக்கச் சொல்லுங்க. கோடு நான் போடறேன், மெஷின் பாக்கற அந்தம்மாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே." எழுந்தவர் நின்றார். "முதல் கட்டை என்னாச்சு? கிடைச்சுதா?"

கதவோரம் பட்டன் அக்கா நின்றிருந்தாள். அச்சுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் இருவரையும் ஒருதரம் பார்த்தார்.

"கிடைச்சுது. கெட்டில்ல இருக்கு. இந்தம்மா உங்ககிட்ட மூணு தடவை சொல்லிப் பாத்துட்டு நாலாவது தடவை கெட்டில்கிட்ட சொல்லியிருக்காங்க. கெட்டில் கேட்டுச்சு. இதை மேல எழுதறதா இருந்தா முதல் மூணு தடவையையும் சேர்த்து எழுதுங்க. அச்சுக்காரர் பேர் எதுலயும் வேணாம்."

டாக்டர் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சட்டைப் பையில் திருப்பிச் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் மூன்று வரிசை, ஒரு புது ஃபாரம். படம் எடுக்கிற மெஷின் நடுவில் ஒருதரம் படுத்துவிட்டது. மைத்துனன் நாலு டீ வெளியிலிருந்து வாங்கி வந்தான். "கனமா இல்லாத டீயாப் பாத்து வாங்கினேன்," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பலகையில் பதினேழு வந்தது.

தங்கை உள்ளே போகும்போது பூட்டுக்காரர் அவள் காதில் சொன்னார்: "இனிமே நான் எவனையும் நம்பறதா இல்ல. உன்னைத்தான் நம்பறேன். நல்ல கண்ணுல வெளிச்சம் பட்டா உடனே கையைத் தூக்கு."

"முகமூடி போட்டா பேசத்தான் முடியாது, கை ஆடும். போண்ணே," என்றாள்.

பட்டன் அக்கா அவரைக் கதவருகே நிற்க விட்டாள். வெளிச்சம் பார்க்கிற வரைக்கும்தான், கதிர் வைக்கும்போது வெளியே போய்விட வேண்டும் என்றாள். தங்கை மேஜையில் மல்லாந்து கிடந்தாள். முகமூடியை இரண்டு பக்கமும் மேஜையோடு சேர்த்துப் பூட்டினார்கள். புதுக் கட்டை மெஷினின் தலையில் வழுக்கிப் போய் டக்கென்று உட்கார்ந்தது. அறை விளக்கு அணைந்தது. மெஷின் வெளிச்சம் விழுந்தது.

நின்ற இடத்திலிருந்து அவருக்கு முகம் தெரியவில்லை. கைதான் தெரிந்தது. கையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். கை அசையவில்லை. பத்து. இருபது. அசையவில்லை. இருந்தும் அவர் நகரவில்லை.

முப்பதாவது எண்ணில் கை மேலே எழுந்தது.

"நிறுத்துங்க!" அவர் கத்தியே விட்டார்.

தூக்கிய கை அங்கேயே நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து வெளிப்பக்கமாக விசிறியது, ஒருதரம், இரண்டு தரம், கடையில் துணி தருகிற வரைக்கும் நகராமல் நிற்கிற வாடிக்கையாளரை அவள் விரட்டுவாளே, அதே மாதிரி.

வெளியே போ, என்றது கை. என்னை வைத்தியம் பார்த்துக்க விடு.

பூட்டுக்காரர் வெளியே போனார்.